தலைகீழ் வகுப்பறை: வளரும் நாடுகளின் ஆய்வுகள் சொல்வதும் பந்தலூரில் செய்யக்கூடியதும்

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது இது: வளரும் நாடுகளில் தலைகீழ் வகுப்பறை (பாடத்தை வீட்டிலேயே முன்கூட்டிப் பார்த்தோ படித்தோ வரச் செய்து, வகுப்பு நேரத்தைச் செயல்பாட்டுக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கும் முறை) பற்றிய ஆய்வுகள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன? பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு அதைத் தலைப்பாக எடுக்கலாமா, அல்லது கொரோனாவோடு அந்த அலை ஓய்ந்துவிட்டதா? கேள்வி போக்குகளைப் பற்றியதாக இருந்தாலும், அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வா என்று சொல்ல முடியாத பிள்ளைகளிடம் இந்த முறை எடுபடுமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன். நீலகிரியில் பி.எட்., எம்.எட். மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்ததும், கற்பித்தல் பயிற்சிக்குப் போனவர்களின் வகுப்புகளை உதகையிலிருந்து சேரம்பாடி வரை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததும்தான் என் தகுதி. ஆகவே நான் சொல்வது உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கும் கல்லூரிக்கும் பொருந்தும். தொடக்கப் பள்ளிக்கு இதை நீட்டிக்க வேண்டாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜொனாதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. ஆனால் கருத்து அதற்கும் முந்தையது. ஒகாயோவில் மயாமி பல்கலைக்கழகத்துப் பொருளியல் ஆசிரியர்கள் மூவர் 2000ஆம் ஆண்டிலேயே 'வகுப்பைத் தலைகீழாக்குதல்' பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர், மாணவர்களை முன்கூட்டியே படித்துவரச் செய்து, வகுப்பு நேரத்தை அவர்கள் தமக்குள் விவாதிப்பதற்கு ஒதுக்கும் முறையை 1990களிலேயே கையாண்டார். மசூரின் மாணவர்கள் வீட்டில் படித்தது அச்சிட்ட தாள்களை என்பதை நினைவில் வையுங்கள். வீடியோ இந்த முறையின் உயிர்நாடி அல்ல என்பதற்கு அதுவே போதிய சான்று.

வளரும் நாடுகளின் ஆய்வுகளைக் கட்டாக எடுத்து வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் ஒரே மாதிரியான அமைப்புதான். பெரும்பாலானவை பள்ளியில் அல்ல, கல்லூரியில் நடந்தவை. சீனாவில் செவிலியர் கல்வியும் மருத்துவக் கல்வியும், ஈரானிலும் இந்தோனேசியாவிலும் ஆங்கிலம் கற்பித்தல், துருக்கியிலும் மலேசியாவிலும் ஆசிரியர் பயிற்சியும் கணினிக் கல்வியும், நைஜீரியாவில் மேல்நிலைப் பள்ளிக் கணக்கும் அறிவியலும், இந்தியாவில் பொறியியலும் மருத்துவமும் என்று துறைகள் மாறும். ஆய்வின் வடிவம் மாறாது. ஏற்கெனவே இருக்கும் இரண்டு வகுப்புப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சோதனைக் குழு என்றும் மற்றதைக் கட்டுப்பாட்டுக் குழு என்றும் பெயரிட்டு, சில வாரங்களோ ஒரு பருவமோ நடத்தி, ஆய்வாளரே தயாரித்த வினாத்தாளில் முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து, இறுதியில் 'மாணவர்கள் இம்முறையை விரும்புகிறார்கள்' என்று ஒரு கருத்துக்கணிப்பையும் இணைத்துவிடுவது வழக்கம். சோதனைக் குழுவுக்குப் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் ஆய்வாளரேதான். நம் பல்கலைக்கழகங்களின் எம்.எட். ஆய்வேடுகளும் இந்த அச்சில் வார்த்தவையே. 2012க்குப் பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கொரோனாக் காலத்தில் இன்னும் உயர்ந்தது. அப்போது நேரடி வகுப்பே இல்லாததால், முழுக்க ஆன்லைனில் நடந்த பாடங்களுக்கும் பலர் இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை உங்கள் ஆய்வில் சேர்க்கும்போது, நேரில் கூடிய வகுப்பு உண்மையில் இருந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவை. நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட மெட்டா பகுப்பாய்வுகள் பல வந்துவிட்டன. 2019இல் நார்வேயைச் சேர்ந்த லாக், சேலே இருவரும் வெளியிட்ட பகுப்பாய்வில் சராசரி விளைவு 0.35 திட்ட விலக்கம். அதே ஆண்டில் நெதர்லாந்தின் வான் ஆல்டன் குழுவினர் 114 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது 0.36. எளிதாகச் சொன்னால், நூறு பேரில் 50ஆவது இடத்தில் இருக்கும் மாணவர் ஏறத்தாழ 36ஆவது இடத்துக்கு வருவார் என்று பொருள். இது சிறிய பலன். ஆனால் பொய்யான பலன் அன்று. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெற்றி பெற்ற ஆய்வுகள் அச்சேறுவதும், வெற்றி பெறாதவை மேசையறையிலேயே தங்கிவிடுவதும் எல்லாத் துறையிலும் நடப்பதுதான்; அதற்கு ஈடுசெய்து கணக்கிட்டால் மேற்படி எண் இன்னும் இறங்குகிறது என்பதை லாக், சேலே கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. எனவே, 'மதிப்பெண் பல மடங்கு உயர்ந்தது' என்று ஒரு கட்டுரை சொன்னால், முறையைப் பாராட்டுவதற்கு முன் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள்.

எண்ணை விடப் பயனுள்ளது, எந்தச் சூழலில் பலன் கூடுகிறது என்பது. வான் ஆல்டன் குழுவினர் கண்டவற்றில் இரண்டை நான் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு: நேரடி வகுப்பு நேரத்தைக் குறைக்காதபோது பலன் கூடுகிறது; சிறு வினாக்களைச் சேர்க்கும்போதும் கூடுகிறது. முன்தயாரிப்பைச் சோதிக்கும் சிறு தேர்வு உதவுகிறது என்பதையே லாக், சேலே முடிவும் சொல்கிறது. இதோடு 2015இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நடந்த உயிரியல் வகுப்பு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே தலைகீழ் வகுப்பை வழக்கமான விரிவுரையோடு ஒப்பிடாமல், அதே அளவு செயல்பாடுகள் கொண்ட, ஆனால் தலைகீழாக்கப்படாத வகுப்போடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு காணாமல் போயிற்று. அதாவது, மாணவர் தாமே செய்து, விவாதித்து, தவறிக் கற்கும் நேரம்தான் பலனுக்குக் காரணம். பாடத்தை முதலில் எங்கே கேட்டார் என்பது இரண்டாம்பட்சம். கல்வி ஆய்வாளர்கள் மனு கபூரும் ஜான் ஹேட்டியும் வேறு இருவரும் 2022இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், பல இடங்களில் தலைகீழ் வகுப்பு என்ற பெயரில் வீட்டிலும் விரிவுரை, வகுப்பிலும் விரிவுரை என்றே நடக்கிறது என்று சுட்டுகிறது. நம் கல்லூரிகளை அறிந்த எவருக்கும் இது வியப்பாக இராது.

ஐயத்துக்குரியவற்றில் முதன்மையானது, பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. இதற்கு நம்மிடம் உள்ள வலுவான சான்று வளரும் நாட்டிலிருந்து வந்ததன்று. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1,300க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து நடத்தி, 2021இல் வெளியான ஆய்வு அது. கணக்கில் உடனடிப் பலன் தெரிந்தது, பொருளியலில் தெரியவில்லை. கணக்கில் தெரிந்ததும் இறுதித் தேர்வு வருவதற்குள் கரைந்துவிட்டது. அதைவிட முக்கியம், பலன் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் ஆண்களுக்குமே கூடுதலாகக் கிடைத்து, மாணவர்களுக்கிடையே இருந்த இடைவெளி அகன்றது. எல்லோருக்கும் ஒரே விடுதி, ஒரே கணினி, ஒரே இணையம் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், ஒரு வகுப்பில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளையும், பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும், பஜாரில் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் நம் ஊரில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

கைபேசி இருக்கிறதே என்பார்கள். இந்தியக் கிராமப்புறங்களில் எடுத்த 2021ஆம் ஆண்டின் ஏசர் (பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும்) கணக்கெடுப்பில், பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளில் சுமார் 68 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2018இல் அது 36.5 விழுக்காடுதான். ஆனால் போன் உள்ள அந்த வீடுகளிலேயே 26 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைப்பதே இல்லை என்பதும் அதே அறிக்கையில் உள்ளது. நம் பகுதியில் இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. போன் அப்பாவோடு திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போயிருக்கும். அல்லது அம்மா கொழுந்து பறித்து, எடை போட்டு, வீடு திரும்பிய பிறகே கைக்கு வரும், அதற்குள் அன்றைய டேட்டா முடிந்திருக்கும். சிக்னல் ரோட்டு வளைவில் கிடைக்கும், ஆனால் யானை நடமாட்டத்துக்குப் பயந்து இருட்டிய பின் பிள்ளையை வெளியே விட மாட்டார்கள். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தேவாலா பக்கம் மழை பிடித்தால், மரம் விழுந்து கரண்ட் போவதும், மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுவதும் வழக்கம். இவையெல்லாம் பெற்றோரின் அக்கறையின்மை அல்ல. 'வீடியோவைப் பார்க்காமல் வந்தான்' என்று ஆய்வேட்டில் ஒரு வரியில் எழுதி, ஊக்கமின்மை என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுவதைத்தான் நான் ஏற்பதில்லை.

அப்படியானால் வழி இல்லையா என்றால், இருக்கிறது. அந்த வழியைக் காட்டுபவை வளரும் நாடுகளின் ஆய்வுகளே. பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளின் 8ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல் பாடங்களில் நடந்த சோதனை ஒன்றை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். குறும்பாட வீடியோக்களை ஆசிரியர் கையில் கொடுத்து, வகுப்பறைத் திரையில் போட்டு, அவரே நடத்தும்படி செய்தபோது சில மாதங்களிலேயே மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. இன்னொரு சோதனையில் ஏறத்தாழ அதே மாதிரி உள்ளடக்கத்தை டேப்லெட்டில் ஏற்றி, ஆசிரியரைத் தாண்டி நேராக மாணவர் கையில் கொடுத்தபோது மதிப்பெண் உயரவில்லை, குறைந்தது. இதைத் தலைகீழ் வகுப்பறை ஆய்வு என்று அவர்கள் அழைக்கவில்லை. ஆயினும் வீட்டுப் பாதியைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. சீனாவின் உறைவிடப் பள்ளிகளில் மாலைநேரச் சுயபடிப்பு என்பது பள்ளி வளாகத்திலேயே, ஆசிரியர் கண்பார்வையிலேயே நடப்பது. 'வீட்டில் பார்' என்ற பகுதி அங்கே உண்மையில் வீட்டில் நடப்பதே இல்லை. அந்த நாட்டு முடிவுகளை நம் பகல் பள்ளிகளுக்கு அப்படியே எடுத்துவர முடியாததற்கும், நம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒருவேளை இம்முறை நன்றாக நடக்கக்கூடும் என்று நான் எண்ணுவதற்கும் காரணம் ஒன்றுதான். இரண்டாவதாகச் சொன்னது என் ஊகம். ஆய்வு முடிவு அல்ல.

வகுப்புக்குள்ளேயே தலைகீழாக்குவது எப்படி இருக்கும் என்பதற்கு, பயிற்சி ஆசிரியை ஒருவர் நடத்தி நான் பார்த்த மின்சுற்றுப் பாடத்தைச் சொல்கிறேன். பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் ஐந்து நிமிட வீடியோ ஒன்றை இரண்டு முறை போட்டார். இரண்டாம் முறை, பிள்ளைகள் கை தூக்கிய இடத்தில் நிறுத்தினார். பிறகு கால் தாளில் மூன்று கேள்விகள். பெயர் எழுத வேண்டும், மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து பேட்டரி, வயர், இரண்டு டார்ச் பல்புகளை வைத்துத் தொடரிணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அந்தத் தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டார்: புரிந்தவர்கள், புரியாதவர்கள். ஒரு பையன், முதல் பல்பு கரண்டைக் கொஞ்சம் தின்றுவிடுவதால் இரண்டாவது மங்கலாகத்தான் எரியும் என்று அடித்துச் சொன்னான். உலகம் முழுக்க இயற்பியல் ஆசிரியர்கள் சந்திக்கும் தவறான கருத்து அது. ஆசிரியை மறுத்துப் பேசாமல், பேட்டரியைத் திருப்பி வைத்துப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போனார். இரண்டும் ஒரே அளவு மங்கலாக எரிவதை அவன் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழக்கமான வகுப்பில் அவனுடைய அந்தக் கருத்து வெளியே வந்தே இருக்காது. தேர்வில் ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதிவிட்டுப் போயிருப்பான்.

இத்தகைய வகுப்பைப் பிள்ளைகள் உடனே விரும்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2019இல் ஹார்வர்டில் நடந்த இயற்பியல் ஆய்வில், தாமே செய்து கற்ற வகுப்பில் மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். 'சார் பாடமே நடத்தலை' என்று தலைமையாசிரியரிடம் புகார் போவதற்கு அதுதான் அடிப்படை. ஆகவே கருத்துக்கணிப்பை மட்டும் நம்பி எழுதிய ஆய்வேடுகள், முடிவு சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், கற்றலைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை.

முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் 'தலைகீழ் வகுப்பறையின் விளைதிறன்' என்ற பழைய தலைப்பில் வேண்டாம். அந்தக் கேள்விக்கு விடை வந்துவிட்டது. மேலும், உங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகளில் தலா 35 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 0.35 அளவிலான விளைவைக் கண்டுபிடிக்க அது போதாது. வழக்கமான 80 விழுக்காடு வாய்ப்போடு அதைக் காண ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 130 பேர் வேண்டும். 35 பேரை வைத்துப் 'பொருட்படுத்தத்தக்க வேறுபாடு' கண்டவர்களின் எண் அநேகமாக உண்மையைவிடப் பெரியதாகவே இருக்கும். அதற்குப் பதில், வீட்டில் பார்ப்பதா பள்ளியில் பார்ப்பதா என்பதை மட்டும் மாற்றி, வகுப்புச் செயல்பாடுகளை இரு பிரிவிலும் ஒன்றாகவே வையுங்கள். பிரிவுகளைப் பாடத்துக்குப் பாடம் இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே ஒப்பீடாகிவிடுவதால் குறைந்த எண்ணிக்கையின் குறை ஓரளவு ஈடாகும். ஆறு வாரம் கழித்து இன்னொரு தேர்வு வையுங்கள், கரைகிறதா நிலைக்கிறதா என்று பார்க்க. விடைத்தாளை வேறொரு பள்ளி ஆசிரியரைக் கொண்டு திருத்துங்கள், எந்தத் தாள் எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியக்கூடாது. முன்தேர்வில் கீழ்ப்பாதியில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தனி அத்தியாயமாக எழுதுங்கள். வளரும் நாடுகளின் ஆய்வுகளில் பெரிதும் விடுபட்டுப்போயிருக்கும் அத்தியாயம் அதுதான்.

மொழியும் ஒரு தனி ஆய்வுப்பொருளாகும். பணியர், காட்டுநாயக்கர் வீடுகளிலும் படுகர் வீடுகளிலும் பேசுவது பாடநூல் தமிழ் அன்று. வீடியோவை நிறுத்தி, திருப்பிப் போட்டுக் கேட்கும் வசதி அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் தருமா என்பது கேட்கத்தக்க கேள்வி. வீடியோவின் நீளத்தைப் பொறுத்தவரை, 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஆறு நிமிடத்துக்குள் இருப்பவையே முழுமையாகப் பார்க்கப்படுகின்றன என்று கண்டார்கள். அவை தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் பதிவுகள் என்பதால் பள்ளிக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் நல்ல அளவுகோல். செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து இப்போது வரும் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய அச்சிலேயே புதிய கருவியை வைத்து எழுதியவையே நான் படித்தவற்றில் மிகுதி.

நடைமுறைக்கு வருவோம். சோதனையை 9ஆம் வகுப்பில் வையுங்கள். 10இல் பொதுத்தேர்வு அழுத்தத்தில் யாரும் இடம்கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. பந்தலூர் பக்கம் மழை ஓய்ந்த பிறகு, அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜனவரியில் தொடங்கினால் பிப்ரவரி இறுதிவரை தடையில்லாமல் நேரம் கிடைக்கும். ஆறு வாரம் கழித்து வைக்கும் தேர்வு ஆண்டுத் தேர்வோடு மோதாதபடி, பாடங்களை ஜனவரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வீடியோக்களை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல், மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் ஏற்றி, லேப் கணினிகளிலும் போட்டு வைத்துவிடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கும் பெற்றோரின் கையெழுத்துக்கும் அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கையெழுத்துத் தாளை எஸ்டேட் வீடுகளுக்குக் கொண்டுபோக ஞாயிற்றுக்கிழமைதான் ஏற்ற நாள், மற்ற நாட்களில் ஆட்கள் தேயிலைக் காட்டில் வேலைக்குப் போயிருப்பார்கள்.